கோலாலம்பூரிலிருந்து தண்ணீர்மலைக்குச் சைக்கிளில்: 600 வெள்ளியில் முடியுமா?

செந்தூல்காரன்:

அனைவருக்கும் வணக்கம். வரும் தைப்பூசத்துக்கு நானும் என் கூட்டாளியும் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் சைக்கிளிலேயே போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கையில் ஆளுக்கு 600 வெள்ளி (ரிங்கிட்). சைக்கிளைத் தயார் செய்வது, சாப்பாடு, தங்கல், திரும்பி வரும் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பினாங்கு போய்விட்டால் ஜெலுத்தோங்கில் பெரியம்மா வீடு இருக்கிறது, அங்கே தங்கல் பிரச்சினை இல்லை.

என்னிடம் இருப்பது 26 அங்குலச் சக்கரம் வைத்த பழைய மவுண்டன் பைக். முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க். டயர் முள் முள்ளாக இருக்கும் வகை. கூட்டாளியின் சைக்கிளும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு கடையில் விசாரித்தபோது, தூரப் பயணத்துக்கு இது சரிப்படாது, குறைந்தது 3,000 வெள்ளி போட்டுப் புதுசு வாங்கு என்றார்கள். அப்படியானால் இந்த யோசனையையே கைவிட வேண்டியதுதானா? எந்த வழியில் போகலாம், கூடாரம் வாங்கலாமா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, நான் விரதத்தில் இருப்பேன்.

சக்கரக்கம்பி:

தம்பி, வணக்கம். யோசனையைக் கைவிடாதே. நீ சொல்கிற சைக்கிள் இந்தப் பயணத்துக்குப் போதும். சொல்லப்போனால் ஒரு வகையில் அதுதான் நல்லது. 26 அங்குல டியூபும் டயரும் சின்ன ஊர்ச் சைக்கிள் கடையில்கூடக் கிடைக்கும். புதுரக வண்டியின் டியூபைத் தேடி சபாக் பெர்ணத்தில் அலைந்தால்தான் அந்த அருமை தெரியும்.

மாற்ற வேண்டியவை கொஞ்சம்தான். முள் டயரைக் கழற்றிவிட்டு 1.75 அங்குல அகலத்தில் வழுவழுப்பான சாலை டயர் போடு. நடுத்தர விலையில் ஒரு ஜோடி 80 முதல் 120 வெள்ளிக்குள் வரும். இது ஒன்றிலேயே உருளும் சுகம் பாதி மாறிவிடும். ஸ்பிரிங் ஃபோர்க்கில் பூட்டும் திருகு இருந்தால் பூட்டிவிடு. இல்லாவிட்டால் அப்படியே இருக்கட்டும், அதற்காகக் காசு செலவழிக்காதே.

அடுத்தது பின்சக்கரம். மூட்டை பின்னால் ஏறுவதால் கம்பி உடைந்தால் பின்சக்கரத்தில்தான் உடையும், அதுவும் பெரும்பாலும் செயின் பக்கத்தில். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே கடையில் கொடுத்துக் கம்பிகளைச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, கோணல் எடுத்துத் தரச் சொல். அதே அளவில் நான்கு கம்பி வாங்கி, சட்டத்தின் கீழ்க்குழாயோடு சேர்த்து டேப் ஒட்டி வைத்துக்கொள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்று. செயின் நீண்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். ஆக, ஒரு சைக்கிளுக்கு 200 வெள்ளிக்குள் முடிக்கலாம்.

காசைப் பற்றி நான் கண்டது இதுதான். பயணத்தில் காசைத் தின்பது களைப்பு. காலை தாமதமாகக் கிளம்பி, நடுவெயிலில் நூறு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போனால் சாயங்காலம் உடம்பு பேரம் பேசாது. முதலில் கண்ணில் படும் குளிர்சாதன அறை, நான்கு குளிர்பானம், முழங்கால் வலித்தால் பாதி வழியில் பஸ் டிக்கெட். நாளைக்கு 50, 60 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொண்டு, மதியம் ஒரு மணிக்கு ஊருக்குள் நுழைந்துவிட்டால் நான்கு அறைகளைப் பார்த்து மலிவானதை எடுக்கலாம், துணி துவைத்துக் காயவைக்கலாம், சைக்கிளையும் கவனிக்கலாம்.

கிள்ளான் காற்று:

வழியைப் பற்றி நான் சொல்கிறேன். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. மோட்டோர் சைக்கிள் போகிறதே என்று ஏறிவிடாதீர்கள். மிச்சம் இருப்பவை இரண்டு: ஈப்போ வழியாகப் போகும் பழைய ஒன்றாம் எண் சாலை, கடலோரம் போகும் ஐந்தாம் எண் சாலை. மூட்டையோடு முதல் தடவை போகிறவர்களுக்கு ஐந்துதான்.

செந்தூலிலிருந்து கிள்ளான் வரைக்கும் வந்து சுற்ற வேண்டாம். கெப்போங், சுங்கை பூலோ, அங்கிருந்து 54ஆம் எண் சாலையில் ஈஜோக், அசாம் ஜாவா தாண்டினால் கோலசிலாங்கூர். முதல் நாள் அவ்வளவுதான், சுமார் 65 கிலோமீட்டர். சுங்கை பூலோ வரை லோரி நெரிசல் உண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினால் அது பாதியாகிவிடும்.

இரண்டாம் நாள் தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார், சபாக் பெர்ணம். தட்டையான நெல்வயல் நிலம். பெரிய சாலை அலுத்துவிட்டால் வயல் பக்கம் வாய்க்காலை ஒட்டிப் போகும் சாலைகளில் இறங்கிக்கொள்ளலாம், வண்டி குறைவு. பத்து மணிக்கு மேல் வயல்வெளியில் காற்று எழும்பும். ஜனவரியில் வடகிழக்குக் காற்று, நீங்கள் வடக்கு நோக்கிப் போவதால் வலப்பக்க முகத்தில் அடிக்கும். அதனால் இந்தப் பகுதியைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் ஊத்தான் மெலிந்தாங் வழியாகத் தெலுக் இந்தான். தூரம் குறைவு, 40தான். வேண்டுமென்றேதான் குறைவாக வைத்தேன், மூன்றாம் நாள்தான் உட்காரும் இடம் அதிகமாக வலிக்கும். 1885ல் கட்டிய சாய்ந்த கோபுரத்தைப் பார்த்துவிட்டு, நல்ல தமிழ்க் கடையில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். நான்காம் நாள் பேராக் ஆற்றைத் தாண்டி, லெக்கீர் வழியாகச் சித்தியவான். ஐந்தாம் நாள் பந்தாய் ரெமிஸ், துரோங், சங்காட் ஜெரிங், தைப்பிங். இதுதான் நீளமான நாள், 80 வரும். ஆறாம் நாள் பாகான் செராய் தாண்டிப் பாரிட் புந்தார். ஏழாம் நாள் நிபோங் திபால், சிம்பாங் அம்பாட், பட்டர்வொர்த், ஃபெரி. மொத்தம் சுமார் 400 கிலோமீட்டர்.

ஈப்போ வழி:

கிள்ளான் அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் ஒன்றாம் எண் சாலையை ஒரே வரியில் ஒதுக்கிவிடக் கூடாது. தஞ்சோங் மாலிம், சுங்கை, பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங், ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார் என்று வழிநெடுகத் தமிழர்கள் இருக்கிற ஊர்கள். 10, 20 கிலோமீட்டருக்கு ஒரு கோயில், ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை. விரதத்தில் இருக்கும் தம்பிக்கு இது பெரிய விஷயம். ஈப்போவில் கல்லுமலைக் கோயிலையும் கும்பிட்டுவிட்டுப் போகலாம். மேடுதான் கூடுதல். ரவாங் தாண்டியதிலிருந்து ஏற்ற இறக்கம் தொடங்கும், கோலகங்சாருக்கும் சங்காட் ஜெரிங்குக்கும் நடுவில் புக்கிட் பெராப்பிட் ஏற்றம் இருக்கிறது. பழகிய காலுக்கு அது ஒன்றுமில்லை.

கிள்ளான் காற்று:

பழகிய காலுக்கு, சரி. இவர்கள் இருவரும் மூட்டை கட்டிச் சைக்கிள் ஓட்டியவர்கள் இல்லை. புக்கிட் பெராப்பிட்டில் வளைவுக்கு வளைவு லோரி. இந்தத் தடவை கடலோரம், அடுத்த தடவை ஈப்போ என்று வைத்துக்கொள்ளட்டும்.

செந்தூல்காரன்:

ரொம்ப நன்றி அண்ணே. ஐந்தாம் எண் சாலையையே எடுத்துக்கொள்கிறோம். கூடாரம்? இணையத்தில் 150 வெள்ளிக்கு ஒன்று பார்த்தேன். ஆறு இரவு அறை வாடகை மிச்சமாகுமே என்று பார்க்கிறேன்.

சக்கரக்கம்பி:

இந்த வழிக்கு வேண்டாம். கூடாரம், பாய், கொசுவலை எல்லாம் சேர்ந்து மூன்று, நான்கு கிலோ. நம் ஊரில் ராத்திரி கூடாரத்துக்குள் புழுக்கம் தாங்காது. மழை வந்தால் மூடியாக வேண்டும், மூடினால் அவிந்துபோவோம். டெங்கிக் கொசுவையும் யோசிக்க வேண்டும். தூக்கம் கெட்டால் மறுநாள் ஓட்டம் கெடும்.

சின்ன ஊர்களில், கடைத்தெருவுக்கு மேல்மாடியில் இருக்கும் பழைய ஓட்டல்களில் இரண்டு பேருக்கு 50, 60 வெள்ளிக்கு அறை கிடைக்கும். இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 30. ஆறு இரவுக்கு 180. சாப்பாட்டுக்கு நாளைக்கு 25 வைத்தால் ஏழு நாளைக்கு 175. சைக்கிளுக்கு 200 வரை. திரும்பும் பஸ் 40 வாக்கில். கூட்டிப் பார், 600க்குள் நிற்கிறது. இறுக்கமாகத்தான் நிற்கிறது, அதனால் புது உடுப்பு, புதுப் பை எதையும் வாங்காதே.

அலைஓரம்:

கூடாரம் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. திரெங்கானு, கிளந்தான் கடற்கரையில், பருவமழை இல்லாத மாதங்களில் கூடாரம் கொடுக்கிற சுகத்தை எந்த ஓட்டலும் கொடுக்காது. காற்று விடிய விடிய வீசும். இரவுக்கு 30 வெள்ளி மிச்சம் என்பது ஒரு மாதப் பயணத்தில் பெரிய தொகை. ஒரு வாரத்துக்கு, அதுவும் மேற்குக் கரைக்கு, வாங்க வேண்டாம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

நீலத் தலைக்கவசம்:

தம்பி, விரதத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இந்தச் சாலையில் அதுதான் உண்மையான சிக்கல்.

ஒருவேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருக்கும் பழக்கம் உனக்கு இருந்தால், ஓட்டும் நாட்களில் அதை வைத்துக்கொள்ளாதே. வீட்டில் பெரியவர்களிடமோ நீ போகும் கோயில் குருக்களிடமோ இப்போதே பேசு. சைவம் மட்டும், காலையில் பாலும் பழமும் என்று மாற்றிக்கொள்ள வழி சொல்வார்கள். வெறும் வயிற்றில் வெயிலில் நான்கு மணி நேரம் மிதித்துக் கண் இருட்டினால், பின்னால் வரும் லோரிக்கு அது தெரியாது.

சைவச் சாப்பாடு கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், தெலுக் இந்தான், சித்தியவான், தைப்பிங், பாகான் செராய், நிபோங் திபால் எல்லாவற்றிலும் நம் கடைகளில் கிடைக்கும். நடுவில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். செகிஞ்சான் மீனவர்கள் ஊர், சீனர் கடைகள்தான் அதிகம். சீனர்களின் சைவக் கடை இருந்தால் தயங்காமல் போகலாம், முட்டை சேர்க்கிறார்களா என்று மட்டும் கேள். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதே, அதோடு வரும் மிளகாய்ச் சம்பலில் நெத்திலி இருக்கும். பரோட்டா மாதிரி இருக்கும் ரொட்டி சானாய்க்கு வரும் பருப்புக் கறி சில கடைகளில் இறைச்சிக் குழம்போடு கலந்து வரும், மாவில் முட்டை சேர்ப்பதும் உண்டு. கேட்டு வாங்கு. சந்தேகமாக இருந்தால் சீனி தொட்டுச் சாப்பிடு.

மூட்டையில் எப்போதும் ஒருவேளைச் சாப்பாடு இருக்கட்டும். வறுத்த நிலக்கடலை, பேரீச்சம்பழம், ரொட்டி, ஒரு சீப்பு வாழைப்பழம். முந்தின இரவு தங்கும் ஊரில் நான்கு சப்பாத்தியோ இட்லியோ பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டால் காலை ஏழு மணிக்குக் கடை தேட வேண்டாம். உப்பை மறக்காதே. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு போனால் மதியத்தில் தலைவலியும் கால் இழுப்பும் வரும். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புக் கரைசல் பொடி மலிவு, காலையில் ஒன்று, வெயில் ஏறியதும் ஒன்று. தண்ணீரைக் கடையில் போத்தல் போத்தலாக வாங்கவே வேண்டாம். சின்ன ஊர்களில் மளிகைக் கடை வாசலில் காசு போட்டுத் தண்ணீர் பிடிக்கும் இயந்திரம் இருக்கும். சில்லறைக் காசை ஒரு சின்னப் பையில் போட்டு வை.

தைப்பிங் மழை:

மழையைப் பற்றி. நீங்கள் போகும் மாதத்தில் வடமேற்குப் பக்கம் பொதுவாகக் காய்ந்துதான் இருக்கும், பினாங்கிலும் அப்படித்தான். தைப்பிங் மட்டும் விதிவிலக்கு, எங்கள் ஊரில் மாதம் பார்த்து மழை பெய்வதில்லை. பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் இடி மின்னலோடு கொட்டும். மின்னல் தொடங்கினால் திறந்தவெளியில் ஓட்டாதீர்கள். எண்ணெய் நிலையம், கடை முன் ஐந்தடி நடைபாதை, பஸ் நிறுத்தம், எதிலாவது ஒதுங்கி நில்லுங்கள்.

பைக்கு விலை உயர்ந்த நீர்புகாப் பை தேவையில்லை. தடிமனான கறுப்புக் குப்பைப் பையை உள்ளே விரித்து, அதற்குள் துணியை வைத்து, வாயைத் திருகி மடக்கிக் கட்டினால் போதும். கைப்பேசி, அடையாள அட்டை, பணம் மூன்றுக்கும் தனியாகச் சின்னப் பிளாஸ்டிக் உறை.

சக்கரக்கம்பி:

மூட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதுகுப்பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓட்டவே கூடாது. முதுகு வேகும், தோள் கழன்றுவிடும். பின்னால் பொருத்தும் கேரியர் 60 முதல் 100 வெள்ளி. சட்டத்தில் திருகு ஓட்டை இல்லாவிட்டால், குழாயைச் சுற்றிப் பிடிக்கும் உலோகப் பட்டை போட்டுத் தருவார்கள். உன்னிடம் இருக்கும் இரண்டு பள்ளிப்பைகளையே இரண்டு பக்கமும் தொங்கவிடலாம். பழைய டியூபை இரண்டு விரல் அகலத்தில் நீளவாக்கில் கீறிப் பட்டையாக எடுத்துக்கொள். மூட்டையின் மேலே ஒரு சுற்று, கேரியர் கம்பிக்குக் கீழே ஒரு சுற்று, இழுத்து முடிந்தால் ரப்பர் தானே பிடித்துக்கொள்ளும், குழியில் விழுந்தாலும் தளராது. கடையில் விற்கும் கொக்கிக் கயிறு சில சமயம் கழன்று சக்கரக் கம்பிக்குள் போய்விடும். டியூப் பட்டையில் அந்த ஆபத்து இல்லை, காசும் இல்லை. கட்டி முடித்ததும் பெடலைச் சுற்றிப் பார், குதிகால் பையில் இடித்தால் பையைப் பின்னால் தள்ளு.

மொத்தம் எட்டு, ஒன்பது கிலோவுக்குமேல் ஏற்றாதே. ஓட்ட இரண்டு செட் துணி, அதுவும் பந்து விளையாடுகிறவர்கள் போடும் சீக்கிரம் காயும் சட்டை. ஜீன்ஸ் வேண்டாம். ஒரு கைலி. அறையில் உடுத்தலாம், துடைக்கலாம், போர்த்தலாம். கோயிலுக்கு ஒரு வேட்டி.

கிள்ளான் காற்று:

அண்ணே, நேரம் பற்றியும் சொல்லுங்கள். "அஞ்சு மணிக்கே கிளம்பிடலாம்" என்று பலர் சொல்கிறார்கள்.

சக்கரக்கம்பி:

வேண்டாம். தைப்பூசக் காலத்தில் இங்கே ஏழரை மணி வாக்கில்தான் சூரியனே வருகிறது. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள் அல்லவா, அதிலிருந்து நம் காலை தாமதம்தான். ஐந்து மணி என்றால் இரண்டு மணி நேரம் இருட்டில் ஓட்ட வேண்டும். செம்பனைத் தோட்டத்து வழிகளில் விளக்கும் இருக்காது, தெருநாயும் இருக்கும். ஆறரைக்கு எழுந்து சாப்பிட்டு, கண்ணுக்குச் சாலை தெரிய ஆரம்பித்ததும், ஏழேகால் போலக் கிளம்பினால் பதினொன்றரைக்குள் 50 கிலோமீட்டர் நிதானமாக முடியும். பின்னால் சிவப்பு விளக்கைப் பகலிலும் எரியவிடு. ஒளி திருப்பும் மேலங்கி பத்து, பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும். இந்த இரண்டிலும் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

செந்தூல்காரன்:

பஞ்சர் ஒட்ட எனக்குத் தெரியாது. வழியில் ஆனால் கடை வரை தள்ளிக்கொண்டு போகலாமா?

சக்கரக்கம்பி:

கட்டாயம் கற்றுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். பந்தாய் ரெமிஸுக்கும் துரோங்குக்கும் நடுவில் எங்கே தள்ளிக்கொண்டு போவாய்? அந்தப் பக்கம் இரண்டு எதிரிகள். செம்பனை மட்டை முள் ஒன்று. இன்னொன்று வெடித்த லோரி டயரிலிருந்து சிதறும் எஃகு இழை. தலைமுடி கனத்தில் இருக்கும், சாலையோரத்தில் கண்ணுக்கே தெரியாது.

செய்முறை இது. சக்கரத்தைக் கழற்று. நெம்புகோல் இரண்டை வைத்து டயரின் ஒரு பக்கத்தை மட்டும் விளிம்புக்கு வெளியே எடு. டியூபை உருவும்போது வால்வு டயரில் எந்த இடத்தில் இருந்தது என்று குறித்துக்கொள். டியூபில் காற்றடித்து உதட்டுக்குப் பக்கத்தில் மெல்ல நகர்த்து, ஓட்டையிலிருந்து வரும் காற்று உதட்டில் படும். ஓட்டையைக் கண்டுபிடித்ததும், வால்விலிருந்து அதே தூரத்தில் டயரின் உட்பக்கத்தைப் பார். விரலை வைத்துத் தேய்க்காதே, கிழிக்கும். ஒரு துணித்துண்டால் உள்ளே சுற்றித் துடை, இழை இருந்தால் துணி சிக்கும். நகவெட்டியால் பிடித்து இழுத்து எடு. இதைச் செய்யாமல் டியூபை மட்டும் ஒட்டிப் போட்டால் அரை கிலோமீட்டரில் திரும்பவும் இறங்கும். அப்புறம் உப்புத்தாளால் டியூபைத் தேய்த்து, பசையை மெல்லியதாகப் பூசி, ஈரம் போய்ப் பிசுபிசுப்பு மட்டும் நிற்கும்வரை பொறுத்திருந்து, ஒட்டை வைத்து அழுத்து. பொறுக்காமல் ஒட்டுகிறவர்களின் ஒட்டுதான் பிய்ந்து வரும்.

ஆளுக்கு இரண்டு மாற்று டியூப், ஒட்டும் பெட்டி, கைப்பம்பு. மோட்டோர் வால்வு வைத்த டியூபாகவே வாங்கு, எண்ணெய் நிலையத்தில் இலவசமாகக் காற்றடிக்கலாம். பின்சக்கரத்துக்கு 350 கிலோபாஸ்கல் வைத்தால் போதும், அதற்கு முன் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவைப் பார்த்துக்கொள். இந்த வாரமே வீட்டில் ஒரு தடவை கழற்றி மாட்டிப் பழகு.

மல்லிகைத் தோட்டம்:

கோயிலில் தங்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. தங்கலாம், ஆனால் முறை இருக்கிறது. இருட்டிய பிறகு போய்க் கதவைத் தட்டக் கூடாது. மாலை ஐந்து மணிக்கு முன்பே போய், குளித்துச் சாமி கும்பிட்டு, நிர்வாகத்தில் யார் பொறுப்பு என்று விசாரித்து, அடையாள அட்டையைக் காட்டி, எங்கிருந்து எங்கே போகிறோம் என்று சொல்ல வேண்டும். தண்ணீர்மலைக்குப் போகிறோம் என்றால் பெரும்பாலானவர்கள் மனம் இளகிவிடுவார்கள். சிலர் முடியாது என்பார்கள், அவர்களுக்கும் காரணம் இருக்கும். தங்கினால் காலையில் மண்டபத்தைக் கூட்டிவிட்டு, உண்டியலில் முடிந்ததைப் போட்டுவிட்டு வாருங்கள். இதையே நம்பி அறைக் காசைக் கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

சீக்கியர்களின் குருத்துவாராக்களிலும் சாப்பாடு உண்டு, சைவம்தான். தலையை மூடிக்கொண்டு, கால் கழுவிவிட்டுப் போக வேண்டும்.

நீலத் தலைக்கவசம்:

இதைப் படிக்கும் பெண்களுக்காகக் கொஞ்சம். நான் தனியாக ஓட்டும்போது கோயில் மண்டபத்தை நம்புவதில்லை, முந்தின நாளே போன் செய்து அறை உறுதி செய்துவிடுவேன். "சைக்கிளை அறைக்குள் வைக்கலாமா" என்று அப்போதே கேட்பேன். அந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே அங்கே எப்படி நடத்துவார்கள் என்பது பாதி தெரிந்துவிடும். வீட்டுக்கு நேரலை இருப்பிடம் போய்க்கொண்டே இருக்கும். கைப்பையைத் தோளில் தொங்கவிடுவதில்லை, மோட்டோரில் வந்து பறிப்பவர்கள் இழுத்தால் சைக்கிளோடு விழுவோம். யாராவது கூடவே மெதுவாக வந்து பேச்சுக் கொடுத்தால் அடுத்த கடையில் இறங்கி ஒரு தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கி உட்கார்ந்துவிடுவேன். தோட்டப்புறத்து அம்மாக்கள் இருக்கும் ஒட்டுக்கடையாக இருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் கொடுத்த மோரையும் வழித்துணைப் புத்திமதியையும் எந்தப் பணத்துக்கும் வாங்க முடியாது.

செந்தூல்காரன்:

அக்கா, அண்ணன்மார்களே, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. குருக்களிடம் பேசிவிட்டேன், சைவம் மட்டும் கடைப்பிடித்தால் போதும் என்றார். டயர், கேரியர் வாங்கியாகிவிட்டது, இருவருக்கும் சேர்த்து வாங்கியதால் கொஞ்சம் குறைத்தார்கள். கடைசியாக இரண்டு கேள்வி. கிளம்பும் முன் பயிற்சி எவ்வளவு வேண்டும்? ஃபெரியிலும் திரும்பும் பயணத்திலும் சைக்கிளை எப்படிக் கொண்டுபோவது?

கிள்ளான் காற்று:

பயிற்சிக்கு: வாரம் இரண்டு நாள் பத்துமலை வரை போய் வாருங்கள். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை முழு மூட்டையோடு கோலசிலாங்கூர் போய், இரவு தங்கி, ஞாயிறு திரும்புங்கள். பயணத்தின் முதல் நாள் பாதை அதுதான் என்பதால் சாலையும் பழகிவிடும். எந்தச் சாமான் தேவையே படவில்லை என்பதும் அன்றைக்கே தெரியும். இருக்கை உயரத்தையும் அன்றைக்குள் சரி செய்துவிடுங்கள்: குதிகாலைப் பெடலின் மேல் வைத்தால் பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதைவிடத் தாழ்வாக இருந்தால் முழங்கால் போய்விடும்.

சக்கரக்கம்பி:

பினாங்குப் பாலம் இரண்டிலுமே சைக்கிள் போக முடியாது, ஃபெரிதான் வழி. 2023 ஆகஸ்டிலிருந்து ஓடும் புது ஃபெரிகளில் கார் ஏறாது, ஆள், மோட்டோர், சைக்கிள் மட்டும். மோட்டோர்களோடு வரிசையில் நின்று ஏறிக்கொள்ளலாம். கட்டணம் ஓரிரு வெள்ளிக்கணக்குதான்.

ரதம் புறப்படுவதற்கு முந்தின நாளே தீவுக்குப் போய்விடு. அன்றைக்கப்புறம் கூட்டமும் சாலை மூடுதலும் சேர்ந்து நகரவே முடியாது. இன்னொரு காரணம், ரதம் போகும் வழியெல்லாம் மலைமலையாகத் தேங்காய் உடைப்பார்கள். கூட்டிவிட்டாலும் சிரட்டைச் சில்லு ஓரங்களில் கிடக்கும். அந்தச் சாலைகளில் சைக்கிளைக் கொண்டுபோகாதே. ஜெலுத்தோங்கில் பெரியம்மா வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, தண்ணீர்மலைக்கு நடந்தே போ. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், சாப்பாட்டுக்கு ஒரு காசு செலவாகாது.

திரும்புவதற்கு: விரைவு ரயிலில் முழுச் சைக்கிளை ஏற்றலாம் என்று நம்பிப் போகாதே, மடக்குச் சைக்கிளாக இருந்தால் வேறு. பஸ்தான் எளிது. பட்டர்வொர்த்தில் ஃபெரி இறங்கும் இடத்திலேயே பினாங்கு செண்ட்ரல் பஸ் நிலையம். தைப்பூசம் முடிந்த மறுநாளைத் தவிர்த்து, வேலை நாள் ஒன்றில் காலை பஸ்ஸாகப் பார். டிக்கெட் வாங்கும்போதே சைக்கிள் இருக்கிறது என்று சொல். கடைசியில் முடிவு செய்பவர் டிரைவர்தான், அவரிடம் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். கூடுதலாகப் பத்து, இருபது வெள்ளி கேட்பார்கள், அதற்கும் எடுத்து வை. இரண்டு சக்கரத்தையும் கழற்றி, சட்டத்தோடு டியூப் பட்டையால் கட்டி, கியர் இருக்கும் பக்கம் மேலே பார்க்கும்படி படுக்க வைக்க வேண்டும். மற்றவர்களின் பெட்டியை அதன் மேல் வைக்கவிடாதே, நீயே கீழே குனிந்து வைத்துவிட்டுத்தான் பஸ்ஸில் ஏற வேண்டும்.

செந்தூல்காரன்:

பெடலையும் கழற்ற வேண்டுமா அண்ணே? எனக்கு இடப்பக்கப் பெடல் எப்போதும் அசைவதே இல்லை.

சக்கரக்கம்பி:

கழற்றினால் நல்லது, இல்லாவிட்டால் பக்கத்துப் பெட்டியைக் கிழிக்கும். இடப்பக்கத்துக்குத் திருகு மறை எதிர்த்திசை, நீ இதுவரை இறுக்கிக்கொண்டே இருந்திருப்பாய். 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் சாவியைப் பெடலில் மாட்டி, சாவியின் பிடி மேலே பார்க்கும்படி வைத்து, பின்சக்கரப் பக்கமாகத் தள்ளு. இரண்டு பெடலுக்கும் அதே திசைதான். திரும்ப மாட்டும்போது மறையில் கொஞ்சம் கிரீஸ் தடவு. முதலில் கையாலேயே நான்கு சுற்று சுற்றிவிட்டு அப்புறம் சாவியைப் போடு.